நீல மூடியும் வெள்ளைத் தலையும்

3

“இப்போ மணி ரெண்டரை. நாலு மணிக்கு இந்தக் கடுதாசியில கையெழுத்துப் போடுவேன். அதுக்குள்ள திருடினது வேற யாருன்னு காட்டுங்க, கிழிச்சுப் போட்டுடறேன்” என்றார் டாக்டரம்மா.

கடிதம் மேஜை மேல் இருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா. இந்தப் பக்கம் சித்தி. சித்திக்குப் பின்னால் வால். சுவரோரமாக வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண், தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேலை போகப்போவது அவளுக்குத்தான்.

வால் என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. சித்தி துப்பறியக் கிளம்பினால் பின்னாலேயே போகிறவன் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். வயது முப்பத்திரண்டு, அக்கா பிள்ளை, சம்பளத்துக்கு உதவியாளன். எந்த இடத்திலும் வாயை மூடிக்கொண்டு இருக்க மட்டும் அவனால் முடியாது.

“டாக்டர், முடி ஆராய்ச்சின்னு போர்டு பாத்தேன். திருட்டுப் போனது முடியா?”

“மருந்துப்பா. தூங்கற முடிவேரை எழுப்பற களிம்பு. ரெண்டு வருஷமா அதுக்குத்தான் உயிரை விடறேன்.” டாக்டரம்மா இரண்டு சின்ன ட்யூப்களை எடுத்து வைத்தார். ஒன்றுக்கு நீல மூடி, ஒன்றுக்கு மஞ்சள். “அறுபது பேர் தானா முன்வந்து தலையைக் குடுத்திருக்காங்க. முப்பது பேருக்கு நீலம், முப்பது பேருக்கு மஞ்சள். ஒண்ணுல மருந்து இருக்கு, இன்னொண்ணு வெறும் களிம்பு. எதுல எதுன்னு தடவறவங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.”

“உங்களுக்கேவா?”

“தெரிஞ்சா என் கண்ணு எனக்கு வேண்டியதைத்தான் பாக்கும். அதான். ட்யூப் நிரப்பற இவ ஒருத்திக்குத்தான் தெரியும். எழுதி, சீல் வெச்சு, பெட்டகத்துல பூட்டியாச்சு. மூணு மாசம் கழிச்சுத்தான் உடைப்போம். அதுக்கு முன்னாடி விஷயம் என் காதுல விழுந்தா ரெண்டு வருஷமும் குப்பைக்குப் போகும்.”

“காணாமப் போனது?” என்றாள் சித்தி.

“ஏழு ட்யூப். ஏழும் நீலம். நேத்து நானே எண்ணினேன். அலமாரிச் சாவி இவ கோட்டுப் பையில மட்டும்தான் இருக்கு. வேற கம்பெனிக்கு வித்துட்டியான்னு கேட்டா பதில் இல்லை. யாரையாவது காப்பாத்தறியான்னு கேட்டாலும் பதில் இல்லை.” டாக்டரம்மாவின் குரல் உடைந்தது. “மருந்து ஒரு தடவை காய்ச்சி இறக்க நாப்பது நாள் ஆகும். காய்ச்சினதெல்லாம் ட்யூபுக்குள்ள போயாச்சு, கையில ஒரு சொட்டு மிச்சம் கிடையாது. அடுத்த புதன்கிழமை வர்றவங்களுக்கு நான் என்ன குடுப்பேன்?”

அந்தப் பெண் முதல் தடவையாக நிமிர்ந்தாள். “சனிக்கிழமைக்குள்ள ஏழு ட்யூபையும் நிரப்பிடறேன் டாக்டர்.”

சொன்ன கையோடு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து மேஜை மேல் போன் அலறியது. டாக்டரம்மா அதை எடுத்து, யாரோ ஒரு அப்பாவியைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கிவிட்டு வைத்தார். சித்தி மட்டும் அந்தப் பெண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தாள். வாலுக்கு அந்தப் பார்வை தெரியும். சித்தி எதையோ எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டுவிட்டாள். கேட்டால் இப்போது சொல்லமாட்டாள்.

“ஒரு கேள்வி டாக்டரம்மா. திருடினவன் விக்கத்தான் திருடினான்னு ஏன் நினைக்கணும்? மருந்துன்னா தடவிக்கறதுக்குத்தானே?” என்றாள் சித்தி. “தடவினா முடி வருதா இல்லையான்னு எப்படிப் பாப்பீங்க?”

“வாங்க, காட்டறேன்.”

அடுத்த அறையில் சலூன் நாற்காலி போல ஒன்று. தலைக்கு மேலே ஒரு கேமரா, பக்கத்தில் திரை. உட்காரச் சொல்லும் முன்பே வால் உட்கார்ந்துவிட்டான்.

“இது அகச்சிவப்புக் கேமரா” என்றார் டாக்டரம்மா. “நம்ம கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்துல படம் எடுக்கும். அந்த வெளிச்சம் தோலுக்குள்ள கொஞ்ச தூரம் இறங்கும். ரத்தம் ஓடற இடம் கருப்பாத் தெரியும். வளர்ற முடிவேருக்கு ரத்தம் நிறைய வேணும், அதனால வேர் முழிச்சிருந்தா ஒரு கரும்புள்ளி. தூங்கினா புள்ளி இல்லை. முடி வெளிய எட்டிப்பாக்கறதுக்கு முன்னாடியே எங்களுக்குத் தெரிஞ்சுடும்.”

பொத்தானை அமுக்கினார். திரையில் வாலின் உச்சந்தலை வந்தது. நடுவில் புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. அது போகட்டும். முன்நெற்றிப் பக்கம் ஒரு கொத்து முடி பால் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

“ஐயய்யோ, இது என்ன? கேமரா ரிப்பேரா?”

“கேமராவெல்லாம் நல்லாத்தான் இருக்கு. டை அடிச்சிருக்கீங்களா?”

வால் நாற்காலியை விட்டு எழப் பார்த்தான்.

“சாயத்துல இருக்கற கருப்பு நம்ம கண்ணை ஏமாத்தும். இந்த வெளிச்சத்தை ஏமாத்தாது. ஊடுருவிப் போயிடும், உள்ள இருக்கற வெள்ளை வெள்ளையாவே தெரியும்.”

“எப்பலேர்ந்துடா?” என்றாள் சித்தி.

“போன வருஷம் பொண்ணு பாக்கப் போனோமே, அப்பலேர்ந்து. அந்தப் பொண்ணு வேண்டாம்னுடுச்சு, டை மட்டும் ஒட்டிக்கிச்சு. விடுங்க சித்தி, கேஸைப் பாருங்க!”

சித்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேஸைப் பார்த்தாள். “இதுல எடுக்கற படத்துக்கெல்லாம் ஆள் நம்பர் போடுவீங்க இல்லையா? நம்பர் போடாத படம் ஏதாவது இருக்கா?”

“நம்பர் போடாம யாரும் எடுக்கமாட்டாங்களே” என்று சொல்லிக்கொண்டே டாக்டரம்மா தேடினார். தேடிய விரல்கள் நின்றன.

நம்பர் இல்லாத படங்கள் ஏழு இருந்தன. எல்லாமே புதன்கிழமை, எல்லாமே மத்தியானம் ஒன்று இருபதை ஒட்டி. சாப்பாட்டு நேரம், இந்த அறையில் யாரும் இருக்கமாட்டார்கள். ஏழு ட்யூப், ஏழு படம், ஒரே தலை. அந்தத் தலையின் நடுவில் முடி இல்லை. புள்ளியும் இல்லை. பக்கங்களில் மட்டும் ஏதோ இருந்தது. முகம் தெரியவில்லை, இந்தக் கேமராவுக்கு முகத்தில் அக்கறை கிடையாது.

“ஆம்பளைத் தலை. இவளோடது இல்லை” என்று டாக்டரம்மா மெல்லச் சொன்னார். அந்தப் பெண்ணும் எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் அது யார் தலை என்று தெரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

“இது என்ன, தலையைச் சுத்தி வெளுப்பா ஒரு கோடு?”

“இறுக்கமா எதையோ போட்டுக் கழட்டின தடம். அமுங்கின இடத்துல ரத்தம் ஒதுங்கிடும். கொஞ்ச நேரத்துக்கு அப்படித்தான் இருக்கும்.”

“தொப்பி!” என்று வால் குதித்தான். “சித்தி, கீழ வாட்ச்மேன் தொப்பி போட்டிருக்கார்!”

மணி இரண்டு ஐம்பது. இருவரும் படியிறங்கி ஓடினார்கள். கீழ்க் கூடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு போஸ்டர் மாட்டியிருந்தது. ‘ஆராய்ச்சிக்கு உங்கள் தலை தேவை’ என்று எழுத்து. அதற்குக் கீழே மொட்டை மாடியில் நின்று சிரிக்கும் ஒருவன். காற்றில் அவன் கழுத்து டை தோளுக்கு மேல் பறக்கிறது, சட்டைக் காலர் படபடக்கிறது. தலையில் அலை அலையாக அப்படியொரு கருகரு முடி. உள்ளே வரும்போதே வால் அதைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டிருந்தான். இப்போது இரண்டாவது பெருமூச்சு விட்டான்.

“இது யாருண்ணே?” என்று வாட்ச்மேனைக் கேட்டான்.

“நம்ம தலைபிடி சார். ஊரெல்லாம் சுத்தி ஆராய்ச்சிக்குத் தலை பிடிச்சுட்டு வர்றதால அந்தப் பேரு. மேல ட்யூப் நிரப்புதே ஒரு பொண்ணு, அதுக்கும் அவருக்கும் அடுத்த மாசம் கல்யாணம். பாவம், விஷயம் அவருக்கு இன்னும் தெரியாது. காலையிலேர்ந்து வெளியில சுத்தறார்.”

“சரி, கொஞ்சம் தொப்பியைக் கழட்டுங்க” என்றாள் சித்தி.

வாட்ச்மேன் கழற்றினார். அடைபட்டுக் கிடந்த சுருட்டை முடி குபீரென்று எழுந்து நின்றது. நாற்பத்தைந்து வயதில் அப்படி ஒரு காடு.

“அண்ணே, இதுக்குள்ள ஒரு குருவி குடும்பமே நடத்தலாம்” என்றான் வால். அவன் குரலில் சுருதி இறங்கிவிட்டது.

வாட்ச்மேன் தொப்பியை மாட்டிக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். “திருட்டு விஷயமாத்தானே கேக்கறீங்க? தப்பா நினைக்காதீங்க. இந்த பில்டிங்ல ஒரு கிழவி நடமாடுது.”

“என்னது?”

“தலை வெள்ளை வெளேர்னு. மருந்து ரூம் பக்கத்து நடையில. புதன்கிழமை மத்தியானம் மட்டும். சாப்பாட்டு நேரத்துல அங்க லைட்டை அணைச்சுடுவோம். இருட்டுலயும் படம் பிடிக்கற கேமரா அங்க இருக்கு. இந்த டிவியில நானே பாத்தேன்.”

“யார்கிட்டயும் சொல்லலையா?”

“சொன்னா, கண்ணு போச்சுன்னு என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க!”

நேற்று, புதன்கிழமை, எடுத்த பதிவை ஓடவிட்டார். ஒன்று பன்னிரண்டு. இருட்டு நடையில் ஓர் உருவம் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மருந்து அறைக்குள் நுழைந்தது. தலை நிறைய முடி, அத்தனையும் பஞ்சு போல வெள்ளை.

“பேன்ட் போட்ட கிழவியாண்ணே?” என்றான் வால்.

“காலம் மாறிப்போச்சு தம்பி.”

“இங்க வேலை செய்யறவங்கள்ல நரைச்ச தலை யாருக்கு?” என்று சித்தி கேட்டாள். யாருக்குமே இல்லை என்றார் வாட்ச்மேன், டாக்டரம்மாவுக்குக்கூட.

வாலின் கை தன்னையறியாமல் முன்நெற்றிக் கொத்துக்குப் போனது. அங்கேயே நின்றது.

“சித்தி! இருட்டுல பாக்கற கேமரான்னா அதுவும் அகச்சிவப்புதானே? அப்போ அது கிழவி இல்லை. சாயம்! கண்ணால பாத்தா கருகருன்னு இருக்கற தலைதான் இதுல வெளுத்துப் போச்சு!”

“உன் டைக்கு இன்னிக்குத்தாண்டா பலன் கிடைச்சுது.” சித்தி அவன் முதுகில் ஒன்று போட்டாள். “ஆனா ஒண்ணு யோசி. ஒண்ணு பன்னெண்டுக்கு நடையில தலை நிறைய முடி. ஒண்ணு இருபதுக்கு நாற்காலியில நடு மண்டை காலி.”

“எட்டு நிமிஷத்துல யாருக்கும் அவ்வளவு கொட்டாது சித்தி. எனக்கே நாலு வருஷம் ஆச்சு.”

“தலையைச் சுத்தி ஒரு தடமும் இருக்கு.”

வாலின் வாய் திறந்தபடி இருந்தது. “விக்கு!”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போஸ்டர் பக்கம் திரும்பினார்கள். டை பறந்துகொண்டிருந்தது. காலர் பறந்துகொண்டிருந்தது. பின்னால் கொடிக்கயிற்றில் யாருடைய துணியோ கிழிந்துவிடும் போலப் பறந்துகொண்டிருந்தது. அந்த அலை அலையான முடியில் ஒரு இழைகூட அசையவில்லை.

வாலுக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிடம் மேலே சுவரோரம் நிற்கும் அந்தப் பெண் ஞாபகம் வந்தது. கட்டிக்கப்போறவனால அவளுக்கு இந்த கதியா என்று வாய்விட்டே சொன்னான்.

மூன்று நாற்பதுக்கு எல்லோரும் டாக்டரம்மா அறையில் இருந்தார்கள். சித்தி அந்தப் பெண்ணிடம் இரண்டே கேள்விகள் கேட்டாள்.

“சாப்பிடப் போகும்போது கோட்டை எங்கம்மா மாட்டுவ?”

“சாப்பாட்டு ரூமுக்கு வெளிய, கொக்கியில.”

“புதன்கிழமைல யார்கூட சாப்பிடுவ?”

“அவர்கூடத்தான். அன்னிக்குத்தான் ஆளுங்களைக் கூட்டிட்டு இங்க வருவார். சாப்பிட்டதும் கை கழுவிட்டு வரேன்னு...” அவள் பாதியில் நிறுத்தினாள். முகம் வெளுத்தது.

கதவு படீரென்று திறந்தது. வேர்க்க விறுவிறுக்கத் தலைபிடி நின்றான். “வாட்ச்மேன் இப்பதான் சொன்னார். டாக்டர், இவ எடுக்கலை. இவ எதையும் எடுக்கமாட்டா. எடுத்தது...” வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் கண் அந்தப் பெண் மேல் விழுந்ததும் நாக்கு மடங்கிவிட்டது. பாவி, அவள் முன்னாலா சொல்வது?

வால் பேச வாயெடுத்தான். சித்தி அவன் காலை மிதித்தாள்.

தலைபிடி இரண்டு கையையும் தலைக்குக் கொண்டுபோய், அலை அலையான அந்த முடியை அப்படியே கழற்றி, கடிதத்துக்குப் பக்கத்தில் மேஜை மேல் வைத்தான்.

“நான்தான் டாக்டர். கல்யாணத்துக்குள்ள கொஞ்சமாவது வளர்ந்துடுச்சுன்னா இவளுக்குத் தெரியாமலே போயிடும்னு நினைச்சேன். நீலத்துலதான் மருந்து இருக்கும்னு நினைச்சேன். நம்பர் போடலைன்னா படம் சேமிக்காதுன்னு நினைச்சேன். ட்யூபை எண்ணுவீங்கன்னு நினைக்கலை. இவ மேல பழி விழும்னு சத்தியமா நினைக்கவே இல்லை.” கண் கலங்கிவிட்டது அவனுக்கு. அந்தப் பெண் பக்கம் திரும்பினான். “இதான் என் தலை. வேண்டாம்னா சொல்லிடு, நான் எதுவும் நினைக்கமாட்டேன்.”

“அந்த போஸ்டர் படத்தை எடுத்தது யாரு?” என்றாள் அவள்.

“நீதான்.”

“டை பறந்துச்சு. என் துப்பட்டா பறந்து என் மூஞ்சியிலயே விழுந்துச்சு. உங்க முடி மட்டும் அசையலை. அன்னிக்கே தெரியும் எனக்கு. நீங்களா சொல்லுவீங்கன்னு எட்டு மாசமா காத்துட்டிருக்கேன்.” அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. “முடிக்காக எனக்குக் கோவம் இல்லை. என் கோட்டுப் பையில கை விட்டீங்க பாருங்க, அதுக்குத்தான் கோவம். அதுக்கு நீங்க என்ன பண்ணப் போறீங்கன்னு யோசிச்சு வைங்க. கல்யாணத்தைப் பத்தி அப்புறம் பேசலாம்.”

“நீ சொல்றதை எல்லாம் பண்றேன்” என்றான் அவன்.

“முதல்ல, கீழ இருக்கற அந்தப் போஸ்டரை இறக்குங்க. இந்தத் தலையோட புதுசா ஒண்ணு எடுக்கலாம்.”

வால் கைதட்டிவிட்டான். டாக்டரம்மா கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். “மன்னிச்சுடும்மா” என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் சுபமாக முடிந்தது என்று வால் நாற்காலியைத் தேடினான்.

முடியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டே இருந்த டாக்டரம்மாவின் முகம் மெல்ல மெல்ல மாறியது. அவர் திரும்பிக் கண்ணாடிச் சுவர் வழியாக அடுத்த அறைத் திரையைப் பார்த்தார். அந்தத் தலை இன்னும் அதில் இருந்தது.

“ஏழு வாரம்” என்றார். “தவறாமத் தடவினீங்களா?”

“காலையும் ராத்திரியும் டாக்டர்.”

“நாலு வாரத்துல வேர் முழிக்கணும். அதான் என் கணக்கு. ஏழு வாரத்துல ஒரு புள்ளி இல்லை. ஒண்ணுகூட இல்லை.” அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தவர், திருட்டுக்குக்கூட இப்படி ஒடிந்துபோகவில்லை. “நீல மூடி மருந்தா இருந்துச்சுன்னா, ரெண்டு வருஷமா நான் ஒண்ணுமே கண்டுபிடிக்கலை.”

எல்லோருடைய கண்ணும் அந்தப் பெண் மேல் போனது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் கோட்டின் நுனியை இரண்டு கையாலும் கசக்கினாள். சொல்லவில்லை.

டாக்டரம்மாவே கையை உயர்த்தினார். “வேண்டாம். நான் கேக்கக்கூடாது, நீ சொல்லக்கூடாது. வேலை போனாலும் பரவாயில்லைன்னு வாயைத் திறக்காம நின்ன இல்லை? இப்பதான் புரியுது எனக்கு. அப்படியே இரு. மூணு மாசம்தானே, பல்லைக் கடிச்சுட்டு இருந்துடறேன்.”

வால் சித்தியைப் பார்த்தான். சித்தி எதையோ சொல்ல வந்து, கஷ்டப்பட்டு விழுங்குவது தெரிந்தது. சித்தி எதையாவது விழுங்கி அவன் பார்த்ததே இல்லை. அந்தப் பெண்ணும் தலைபிடியும் போஸ்டரை இறக்கப் படியிறங்கிப் போனதும், “வரோம் டாக்டரம்மா” என்று சொல்லிவிட்டு, அவனை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

லிஃப்ட் கதவு மூடியதும் அடக்கிவைத்த சிரிப்பெல்லாம் பீறிட்டது.

“என்ன சித்தி, அந்தம்மா அங்க ஒடைஞ்சு உக்காந்திருக்காங்க, நீங்க சிரிக்கறீங்க!”

“மருந்து காய்ச்ச எத்தனை நாள்னு சொன்னாங்க?”

“நாப்பது நாள். மிச்சம் ஒரு சொட்டு இல்லைன்னாங்க.”

“அந்தப் பொண்ணு எப்போ நிரப்பித் தரேன்னா?”

“சனிக்கிழமை...” வால் நிறுத்தினான். விரல் விட்டு எண்ணினான். இன்றைக்கு வியாழன். “ரெண்டு நாள்ல எப்படி?”

“வெறும் களிம்புன்னா அரை மணி நேரத்துல நிரப்பலாம். சொன்ன உடனே உதட்டைக் கடிச்சா பாரு. நல்லவேளை, அந்த நேரம் பாத்து போன் அடிச்சுது.”

“அப்போ அந்தாளு ஏழு வாரமா காலையும் ராத்திரியும் தேச்சது...”

“ஒண்ணுமே இல்லை. வழவழன்னு ஒரு களிம்பு. அதை எவன் வாங்குவான்னு அந்தப் பொண்ணு சொல்லியிருந்தாலே குட்டு உடைஞ்சிருக்கும், அதான் வாயைத் திறக்கலை. மருந்து வேலை செய்யுமா செய்யாதான்னு எனக்குத் தெரியாதுடா. ஆனா அந்தத் தலை மருந்தையே பாக்கலை. இதை நான் மேல சொல்லியிருந்தா அந்தம்மாவோட ரெண்டு வருஷத்தை நானே குப்பையில போட்டிருப்பேன். மூணு மாசம் நீயும் வாயைத் திறக்கக்கூடாது, தெரியுதா?”

“மூணு மாசமா? நானா?”

லிஃப்ட் கீழே வந்து நின்றது. கூடத்தில் தலைபிடி நாற்காலி போட்டு ஏறி, தன் போஸ்டரைத் தானே இறக்கிக்கொண்டிருந்தான். வழுக்கைத் தலை ஜன்னல் வெளிச்சத்தில் மினுங்கியது. அந்தப் பெண் கீழே நின்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது, பிடி மட்டும் இறுக்கமாக இருந்தது.

வால் பக்கத்து மேஜையில் இருந்த விண்ணப்பத் தாள் ஒன்றை எடுத்து, பேனாவைத் திறந்தான்.

“என்னடா பண்றே?”

“நானும் தலையைக் குடுக்கப் போறேன் சித்தி. என் நடு மண்டையைத்தான் திரையில பாத்தீங்களே. ஆனா, எந்த மூடி குடுப்பாங்கன்னு தெரியாதே?”

சித்தி சுற்றிப் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை. அவன் காதோரம் குனிந்தாள்.

“மஞ்சள் கிடைக்கணும்னு வேண்டிக்கோ.”